அமராவதி வரைந்த இலை

"அமராவதி ஆத்துத் தண்ணியும் காத்துமா சேர்ந்து பண்ணினதுங்க, மருந்து எதுவும் படலை." என் செப்புத் தகடுகளை விற்கும்போது நான் சொல்வது இது. சுத்தப் பொய்.

தாராபுரத்துக் காற்றுக்குச் செம்பைப் பச்சையாக்கும் வேகம் கிடையாது. மழை மறைவுப் பூமி. வெளியில் போட்ட தகடு பழுப்பேறும், பிறகு கறுக்கும், அவ்வளவுதான். 1886-ல் நியூயார்க் துறைமுகத்தில் திறந்துவைத்த சுதந்திர தேவி சிலையே, கடல் காற்றில் நின்றும், பச்சையாக ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டது. எனக்கோ மறுநாள் காலையில் வேண்டும்.

தகட்டைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஓரத்தைப் பிடித்தே காயவைப்பேன். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நிறம் சரியாக ஏறாது. பூவரச இலையோ அரச இலையோ, நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அழுத்தி, உப்பு கலந்த வினிகரைத் தெளிப்பேன். பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு கிண்ணம் அம்மோனியா. அந்த ஆவியில் தகடு ராத்திரி முழுக்கக் கிடக்கும். திறந்தால் கண் எரியும், மூச்சடைக்கும். ஆனால் இலை கிடந்த இடம் கருஞ்செம்பாக நிற்க, சுற்றிலும் மயில்கழுத்து நீலம்! அதைப் பார்த்ததும், இந்த அழகு பொய்யில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இதோடு நின்றிருந்தால் வியாபாரப் பேச்சு என்று விட்டிருப்பேன். கோவையில் ஒரு கண்காட்சியில் ஓர் அம்மா கேட்டார்: "ஏனுங்க, இயற்கைதானுங்களே, இதுல கொழந்தைக்கு மாங்காய் அரிஞ்சு வெச்சுக் குடுக்கலாமுங்களா?"

செம்பில் மோர் வைக்காத, ஈயம் பூசாமல் புளி காய்ச்சாத வீட்டில் வளர்ந்தவன் நான். தகட்டின் நீலமும் செம்புக் களிம்புதான், அது விஷம் என்று தெரியும். புளிப்புப் பட்டால் அது கரையும், வயிற்றைப் புரட்டி வாந்தியில் கொண்டுபோய் விடும் என்றும் தெரியும். மேலே பூசும் வார்னிஷ் சாப்பிடுகிற தட்டுக்கானதும் அல்ல. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே; அம்மோனியாக் கதை வெளியே வந்துவிடுமே.

"தாராளமாக் குடுங்க" என்றேன்.

ஜிபேயில் பணம் அனுப்பினார். அவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டதில்லை. சைவ சித்தாந்தக்காரர்கள் ஆணவத்துக்குச் செம்பின் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். என் களிம்புக்கு அவ்வளவு பெரிய பேர் தேவையில்லை; பிடிபட்டுவிடுவோம் என்கிற பயம், கூடவே காசு.

இப்போது தகட்டின் பின்புறம் 'சுவரில் மாட்ட மட்டும்' என்று சீட்டு ஒட்டுகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், "தண்ணி பட்டா நெறம் போயிருமுங்க" என்கிறேன்.