புல்வெட்டியின் மூன்று எண்கள்

நம் ஊரில் புல் ஒரு பிரச்சினையே இல்லை. மழைக்குப் பின் கொஞ்ச நாள் தலைகாட்டும். ஆடோ மாடோ பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். பிரான்சில் அப்படியல்ல. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் விட்டால் கால் மறையும். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் வேலி வழியாக எட்டிப் பார்ப்பார், பிறகு கடிதம் போடுவார். நினைத்த நேரத்தில் வெட்டவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பல இடங்களில் காலை 10 மணி முதல் 12 மணி வரைதான் மோட்டார் சத்தம் கேட்கலாம்.

இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் அண்ணன். அவர் சொல்தா. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 19 வயது அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு 12 வயது, ஆகவே அப்பாவின் கணக்கில் சேர்ந்தேன். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். நான் பிரெஞ்சிலேயே படித்து முடித்துவிட்டு, புதுச்சேரி அரசில் எழுத்தராகி, கோப்புகளோடு காலம் தள்ளினேன்.

ஓர்லெயான் நகருக்குப் பக்கத்தில் அண்ணன் வாங்கிய வீட்டைச் சுற்றிப் புல்தரை. அதற்கென்று 1996இல் ஒரு பெட்ரோல் புல்வெட்டி வாங்கினார். பின்னால் நடந்து தள்ளுகிற வகை. பிரெஞ்சில் தோந்தேஸ் என்போம். அண்ணன் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அண்ணி அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் பாரிசில். "வீட்டை விற்றுவிட்டு எங்கள் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்டுக்கு வந்துவிடு, உன்னால் இந்தத் தோட்டத்தைப் பார்க்க முடியாது" என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணிக்கு மனமில்லை. புல் ஒழுங்காக இருக்கும்வரை அந்தப் பேச்சு எழாது. புல் வளர்ந்தால் பேச்சும் வளரும்.

சென்ற முறை நான் 90 நாள் விசாவில் போய் இறங்கியபோது புல் முழங்காலுக்கு வந்திருந்தது. புல்வெட்டி கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்துவிட்டானாம். தோட்டக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். கடைக்காரர் புல்வெட்டியின் மேல் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரைக் கேட்டார். "அந்தப் பெயரில் இப்போது எதுவும் வருவதில்லை, முசியே. புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று முடித்துக்கொண்டார்.

முப்பது வருடம் கோப்பு தேடியவனுக்கு இந்தப் பதில் போதாது. பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடைக்காது, எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். இயந்திரத்துக்கும் அதே விதிதான்.

புல்வெட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு பிறந்த வீடுகள் உண்டு. சக்கரம், கைப்பிடி, கேபிள், தகட்டுக் கூடு எல்லாம் ஒரு கம்பெனி. எஞ்சின் வேறு கம்பெனி. அண்ணனுடையதில் எஞ்சின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1908இல் தொடங்கிய கம்பெனி. கூட்டின் பெயர் மறைந்தாலும் எஞ்சினின் உதிரிபாகம் மறைவதில்லை. அதன் மேல்மூடித் தகட்டைத் துணியால் துடைத்தேன். மூன்று எண்கள் அச்சடித்திருந்தன: மாடல், டைப், கோட்.

மாடல் எண் 9இல் தொடங்கியது. 9 கன அங்குலம், அதாவது சுமார் 148 சி.சி. என்று பொருள். டைப் எண், அந்த மாடலிலேயே எந்த வகை என்று சொல்கிறது. கோட் எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 960314 என்று தொடங்கியது. முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு நாள். 1996 மார்ச் 14இல் செய்த எஞ்சின்! நாங்கள் கடிதங்களுக்குத் தேதி போட்டுப் பதிவு செய்வது போலவே செய்திருக்கிறார்கள்.

இந்த எண்களை வைத்துத் தேடினால் எஞ்சினின் பிரித்த படம் கிடைக்கிறது. ஒவ்வொரு திருகாணிக்கும் தனி எண். குற்றவாளி யார் என்பதும் தெரிந்தது. இந்த வகையில் கார்பூரேட்டர் பெட்ரோல் தொட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய டயாபிரம் ஒன்று. எஞ்சின் மூச்சு இழுக்கும்போது அது துடித்துப் பெட்ரோலை மேலே ஏற்றும். வயதானால் விறைத்துப்போகும், நம் முழங்கால் மாதிரி. விறைத்தால் எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் ஏறி இறங்கித் திக்கும். விலை சில யூரோ. தபாலில் வந்தது.

வேலை தொடங்கும்முன் முதலில் பூஜியின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பூஜி என்றால் பிரெஞ்சில் மெழுகுவர்த்தி, ஸ்பார்க் பிளக்கும் அதுவே. ஒயர் இருக்கும்போது பிளேடைத் தொட்டுத் திருப்பினால் எஞ்சின் கிளம்பி விரலை வாங்கிவிடலாம். வண்டியைச் சாய்ப்பதானால் ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் அதில் இறங்கிவிடும். கார்பூரேட்டரில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்று கழற்றும்முன் ஒரு தாளில் வரைந்துகொண்டேன். பழைய தொழில் பழக்கம்.

கையோடு மற்றவற்றையும் பார்த்தேன். எண்ணெய் எஸ்ஏஇ 30, அரை லிட்டருக்குச் சற்று மேல். புது பிளக், இடைவெளி 0.76 மி.மீ. பிளேடுக்கு மட்டும் எஞ்சின் எண் உதவாது. நுனிக்கு நுனி நீளத்தையும் நடுத்துளையின் அளவையும் அளந்து வாங்க வேண்டும். அண்ணியின் பிளேடைத் தீட்டினாலே போதுமாக இருந்தது. தீட்டியபின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தேய்க்கவேண்டும். எடை சரியில்லாவிட்டால் வண்டி நடுங்கும்.

அடுத்த வசந்தத்திலும் கிளம்ப வேண்டுமென்றால் ரகசியம் பெட்ரோலில் இருக்கிறது. அங்கே 2009 முதல் விற்கும் ஈ10 பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுவதும் தொட்டியில் நின்றால் பிசின் படிந்து கார்பூரேட்டரை அடைக்கும். எத்தனால் குறைந்த 98ஐ ஊற்றுவதும், கடைசிப் புல்வெட்டுக்குப் பின் தொட்டியை வடித்து, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுவதும் நல்லது.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் சில பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் வசதிக்கென 10க்கு மதிப்பெண் போட்டு விற்கவேண்டும் என்று சட்டம். மின்சாரப் புல்வெட்டி அந்தப் பட்டியலில் முதலிலேயே இருந்தது, பெட்ரோல் வண்டி இல்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் என்ன? அண்ணனின் வண்டி அன்று இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. புல்லை இரண்டு தவணையாக வெட்டினேன். அண்ணி வாசற்படியில் நின்று பார்த்தார். "ஓடுதில்ல தம்பி? இன்னும் ஒரு வருஷத்துக்கு அவங்க பேச்சை எடுக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு வருடம் என்பது அந்த வயதில் சின்ன விஷயமில்லை.

நம்மில் பலர் வீட்டிலும் ஒரு பம்புசெட்டோ ஜெனரேட்டரோ இருக்கும். "பழைய மாடல் சார், பார்ட் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். தகட்டைத் துடைத்து எண்ணைப் படியுங்கள், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். எழுத்துத் தேய்ந்து போவதற்குள் டைரியில் குறித்தும் வையுங்கள். அண்ணி வீட்டு ஷெட் கதவின் உட்புறம் அந்த மூன்று எண்களையும் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அடுத்து அதைத் திறப்பவர் தேட வேண்டியிருக்காது.