கையில் இருந்தது லத்தி மட்டும்

"இப்போ சாப்பிடறியா, இல்லே போலீஸ்காரர்கிட்ட பிடிச்சுக் குடுக்கட்டுமா?" குழந்தைக்குச் சாதம் ஊட்டும் நேரத்தில் இந்த மிரட்டல் கேட்காத வீடு உண்டா, சொல்லுங்கள்! பூச்சாண்டிக்கு அடுத்த இடம் போலீசுக்குத்தான். மும்பையை அடுத்த டோம்பிவிலியில் இருபத்தைந்து வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். மராட்டியத் தாய்மார்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் 2008-க்கு அப்புறம் எங்கள் கட்டடத்தில் அந்தப் பேச்சு நின்று போயிற்று. காரணம், துக்காராம் ஓம்ப்ளே என்ற ஒரு சாதாரணப் போலீஸ்காரர்.

சாதாரணம் என்றது பதவியை வைத்துத்தான். உதவி சப்-இன்ஸ்பெக்டர். சாத்தாரா மாவட்டத்தில் கேடம்பே என்ற சின்ன கிராமத்துக்காரர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனோடு ஊரில் நிம்மதியாக இருந்திருக்கலாம். 1991-ல் மறுபடியும் காக்கியைப் போட்டுக்கொண்டு மும்பைப் போலீசில் சேர்ந்தார். நாலு பெண்களுக்குத் தகப்பனார். நாலு பெண் என்றால் நம்மில் யாருக்கும் வீட்டுக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

2008 நவம்பர் 26. கடல் வழியாகப் பத்துப் பேர் வந்து இறங்கினார்கள். அதில் இரண்டு பேர் சி.எஸ்.டி. ரயில் நிலையத்துக்குள் புகுந்து, ஊருக்குப் போகக் காத்திருந்த ஜனங்களைச் சுட்டார்கள். அங்கே மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். என் கணவர் தினமும் வண்டி ஏறும் ஸ்டேஷன் அது. அன்று முந்தைய வண்டியிலேயே ஏறிவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

அங்கிருந்து காமா ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள். ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் என்று மூன்று பெரிய அதிகாரிகள் அந்தச் சந்தில் பலியானார்கள். பிறகு வழியில் ஒரு காரைப் பறித்துக்கொண்டு கிர்காவ் சௌபாத்தி பக்கம் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு போய் பேல்பூரி சாப்பிடுகிறோமே, அதே கடற்கரை. அங்கே டி.பி. மார்க் போலீஸ் ஸ்டேஷன்காரர்கள் சாலையில் தடுப்பு வைத்து 'நாகாபந்தி' போட்டிருந்தார்கள். மணி நள்ளிரவைத் தாண்டியிருந்தது.

கார் தடுப்புக்கு முன்னால் நின்றது. திருப்பிக்கொண்டு ஓடப் பார்த்து, நடுத்தடுப்பில் மோதி மாட்டிக்கொண்டது. துப்பாக்கிச் சண்டையில் ஓட்டி வந்தவன் விழுந்தான். மற்றவன் ஏ.கே. 47-ஐத் தூக்கினான். ஓம்ப்ளேயிடம் இருந்தது லத்தி மட்டும். அவர் பாய்ந்து போய் அந்தத் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் வயிற்றில் பாய்ந்தன. பிடியை விடவில்லை. அந்தச் சில விநாடிகளில் மற்றப் போலீஸ்காரர்கள் பாய்ந்து அவனை உயிரோடு அமுக்கிவிட்டார்கள். அடுப்பில் சுட்ட பாத்திரத்தைத் தொட்டாலே நம் கை தானாக விலகுகிறது. அந்தக் கைகள் எப்படி விலகாமல் இருந்தன என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வந்த பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்டவன் கசாப் ஒருவன்தான். அவன் வாயால்தான் எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது. அவர்கள் வைத்திருந்த அடையாள அட்டைகளோ போலி. எல்லாரும் செத்திருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்குமோ! கோர்ட்டில் முறையாக விசாரித்து, 2012 நவம்பர் 21-ல் புணேயில் எரவாடா சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். ஓம்ப்ளேக்கு 2009 குடியரசு தினத்தில் அசோக சக்கரம் கொடுத்தார்கள். அவர் மனைவிதான் போய் வாங்கிக்கொண்டார்.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் ஒரு ஹவில்தார் குடும்பம். அந்த அம்மாளை எல்லாரும் 'வஹினி' என்போம், நம் ஊர் அண்ணி மாதிரி. அன்றிரவு அவர் கணவர் பந்தோபஸ்துக்குப் போனவர். போன் கிடைக்கவில்லை. வஹினி எங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். செத்த போலீஸ்காரர்களின் பெயர் ஒவ்வொன்றாகக் கீழே ஓடும். பெயர் முழுக்க வரும்வரை அவர் மூச்சு விடமாட்டார். பாக்ரி சுட்டு மூடி வைப்பதும், ஆறினதும் எடுத்துவிட்டு மறுபடி சுடுவதுமாக மூன்று நாள். சனிக்கிழமை மத்தியானம் வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிட்டாராம். தமக்கு ரத்த அழுத்தம் வந்தது அந்த மூன்று நாளில்தான் என்று வஹினி சொல்வார். கணபதி உற்சவமா, தீபாவளியா, நமக்கு லீவு வரும்போதெல்லாம் அவர்களுக்கு டியூட்டி. வீட்டில் காத்திருக்கிறவளுக்கு யார் மெடல் கொடுக்கிறார்கள்?

2021-ல் எங்கள் தானே–கல்யாண் வட்டாரத்தில் கண்டுபிடித்த ஒரு புதுச் சிலந்திக்கு 'ஐசியஸ் துக்காராமி' என்று ஓம்ப்ளேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். "மனுஷர் பேரைப் போய் எட்டுக்கால் பூச்சிக்கா?" என்று முகம் சுளித்தேன். "அம்மா, அது வலை கட்டிட்டுக் காத்திருக்கற ஜாதி இல்லே. பாய்ஞ்சு பிடிக்கிற ஜாதி" என்றாள் என் பெண்.

இவ்வளவும் நான் எழுதுவது அந்தப் பெண்ணால்தான். அன்றைக்கு அவளுக்கு ஐந்து வயது. இப்போது பி.காம். முடித்துவிட்டு, எம்.பி.எஸ்.சி. எழுதிப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆகப்போகிறேன் என்று நிற்கிறாள். ஓம்ப்ளேயின் படத்துக்குக் கைகூப்பியவள்தான் நான். அதற்காக என் பெண்ணை அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்றால்? ராத்திரி தூக்கம் போயிற்று. அவள் அப்பா வாயே திறக்கவில்லை.

வஹினியிடம் போனேன். காத்திருந்த கஷ்டம் தெரிந்தவர், 'வேண்டாம்' என்று அவளுக்குப் புத்தி சொல்வார் என்ற எண்ணம். வஹினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே மராத்தியில் சொன்னார்: "போகட்டும் அக்கா. டப்பா மட்டும் பெரிசா வாங்குங்க. கூட நிக்கிறவங்களுக்கும் சேர்த்துக் கட்டணும். அவங்க வீட்டுல இருந்து சாப்பாடு வந்திருக்காது."

இப்போது விடியற்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடப் போகிறாள். திரும்பி வந்ததும் முளைகட்டிய பயறு, ஒரு டம்ளர் பால், இரண்டு அவித்த முட்டை. எங்கள் சமையலறைக்குள் முட்டை நுழைந்தது இப்படித்தான். வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் அப்பாவுக்கும் இப்போது ஒன்று சேர்த்து வேகவைக்கிறேன்.