மயிலிட்டியும் மூன்றாவது மிதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பாக்கு நீரிணையை நோக்கியமைந்த மீன்பிடித்துறை மயிலிட்டி. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் காரணமாக இவ்வூரார் வீடு வாசலை விட்டு வெளியேறினர். துறைமுகமும் அதனையடுத்த நிலமும் மீண்டும் மக்கள் கைக்கு வந்தது 2017 யூலை 3ஆம் நாள். இடையே கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள்!

நாம் அங்குச் சென்றது வாடகைக்கு அமர்த்திய பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரில். சாரதியார் எழுபதைக் கடந்தவர். மயிலிட்டியிற் பிறந்து, இடம்பெயர்ந்து மல்லாகத்தில் வாழ்பவர். தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எனப் பழகிய வீதியில், மாடு குறுக்கிட்ட இடமெல்லாம் அவர் கை தானாகவே கியரை மாற்றியது.

அக்கார் பட்ட பாடும் சிறிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனையும் தாங்கின.

துறையருகே வள்ளங்களைப் பார்த்து நின்றபோது பெரியவர் மனம் திறந்தார்.

"மகன் கனடாவிலயிருந்து சொல்லுறான் சேர், இதை வித்துப்போட்டு ஓட்டோ கியர் கார் வாங்கட்டாம். கிளச் மிதிக்கேக்க இடது முழங்கால் நோகுதுதான். ஆனா கை இதில பழகிப்போச்சு. காரை விட்டா ஊரை வந்து பாக்கிறதெப்பிடி?"

கேள்வி அவருடையது மட்டுமன்று. நம் வீடுகள் பலவற்றில் எழுவது.

கிளச் இல்லாத கார் புதுமையன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1939இலேயே தானியங்கு கியரை அறிமுகஞ் செய்தது. அதில் இடது காலுக்கு ஓய்வு. கியரை நாடிய கவனம் வீதியிற் பதியும். மூட்டுநோயுற்றோர்க்கு இது பெரும் உதவியே.

ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. கியர் பூட்டிய நிலையில் பிரேக்கை விட்டதும் அக்கார் தானே மெல்ல நகரும். பழக்கத்தால் இடது கால் கிளச்சைத் தேடிப் பிரேக்கை மிதித்துவிடலாம். பதற்றத்தில் வலது கால் பிரேக்குக்குப் பதிலாக அக்சிலேற்றரை அழுத்திவிடலாம். 2019 ஏப்ரலில் தோக்கியோ நகரில் 87 வயது முதியவர் ஒருவர் இவ்வாறு மிதி மாறியதால் ஓர் இளந்தாயும் அவர்தம் மூன்று வயதுக் குழந்தையும் உயிரிழந்தனர்.

"ஐயா, வாங்குவதானால் இப்போதே வாங்குங்கள். இடது காலைப் பின்னே ஒதுக்கி வைத்து, வெறுந்திடலிற் சில வாரம் பழகிய பின்பே வீதிக்கு வாருங்கள். கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்," என்றோம்.

கியர் எதுவாயினும் மங்கிய பார்வைக்கும் தளர்ந்த கவனத்திற்கும் அது மருந்தாகாது. மாறவேண்டுமெனில், கற்கும் திறன் உள்ளபோதே மாறுதல் அறிவுடைமை. பிள்ளைகளும் பணம் அனுப்புவதோடு நில்லாது, பழகும் நாட்களில் அருகிருக்க ஒருவரை ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பற்றை மூடிய நிலத்தில் தம் வளவின் எல்லையைத் தேடிக் கண்டவர்கள் மயிலிட்டி மக்கள். அவர்களுள் ஒருவருக்கு இரண்டு மிதிகளைப் புதிதாய்ப் பழகுதல் அரிதன்று.