ஒயின் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?



பிரான்சில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த திஜோன் நகரில் மளிகைச் சாமான் வாங்கும் கடையிலேயே ஒயினுக்கென்று நீளமாக ஒரு வரிசை இருக்கிறது. நான் குடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 32 வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு லேபிளைப் பார்த்தால் படிக்காமல் நகர முடியவில்லை. மகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஊர்ப் பெயர். ஷாப்லி என்பது ஓர் ஊர். உள்ளே இருப்பது ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின். மணப்பாறை முறுக்குக்கு நாம் புவிசார் குறியீடு வாங்கினோமே, அதுபோல இவர்கள் 1935 முதலே சட்டம் போட்டு ஊர்ப் பெயர்களைக் காத்து வருகிறார்கள். ஆண்டு என்று போட்டிருப்பது திராட்சை அறுவடையான ஆண்டு. பாட்டிலில் அடைத்த ஆண்டு அல்ல. சிலவற்றில் 'பழைய கொடிகள்' என்றும் இருக்கும். எத்தனை வயதானால் பழைய கொடி என்று சட்டத்தில் கிடையாது. அது விற்பவர் சொல்வது, அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது பின்பக்கத்துச் சிறிய எழுத்து. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபைட் இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். பக்கத்தில் கர்ப்பிணிப் பெண் படத்தின் மேல் கோடு போட்டிருக்கும். 2007 முதல் பிரான்சில் இந்த எச்சரிக்கை கட்டாயம்.

அடுத்தது 13% என்ற எண். நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் போனில் சொன்னான், "ஒயின்தானே பெரியப்பா, திராட்சை ஜூஸ் மாதிரி." நான் வாதாடவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டில் 750 மில்லி. அதில் 13 சதவீதம் என்றால் 97.5 மில்லி ஆல்கஹால். நம் ஊர் 650 மில்லி பீர் பாட்டிலில் 5 சதவீதம் என்றால் 32.5 மில்லி. ஆக, ஒரு ஒயின் பாட்டில் மூன்று பீர் பாட்டிலுக்குச் சமம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் தம்பி 46 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தது உறவுகளுக்குத் தெரியும். அவன் குடித்தது ஒயின் அல்ல. ஆனால் ஈரலுக்கு ஒயின், பீர், பிராந்தி என்ற பேதமெல்லாம் தெரியாது. எல்லாம் ஒரே எத்தனால்தான். பத்தாம் வகுப்பில் நான் நடத்தியதுதான், மறந்திருக்க மாட்டீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விருந்துகளில் இந்த பாட்டில் உங்கள் முன்னால் வரத்தான் செய்யும். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் பிறகு ரசிக்கலாம். முதலில் அந்தச் சதவீதத்தை அளவோடு பெருக்கிப் பாருங்கள். விடை எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்