பியோங்யாங்கில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா?

போன வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு சண்டை. பெரிய சண்டையெல்லாம் இல்லை. படிப்பு முடிந்து ரிமோட் வேலை கிடைத்தால் எந்த ஊரில் போய் உட்காரலாம் என்பதுதான் விவகாரம். ஒருத்தன் தாய்லாந்தின் சியாங் மாய் என்றான், ஒருத்தன் லிஸ்பன் என்றான். என் ரூம்மேட் மட்டும், "எனக்கு கொடைக்கானல் போதும்டா, நெட் ஒழுங்கா வந்தா சரி" என்றான். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஊர்களுக்கு மார்க் போடுகிற இணையதளங்கள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். நெட் வேகம், ரூம் வாடகை, காபி விலை, வெயில், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கடைசியில் ஒரு ரேங்க். அப்படியே பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி. எல்லாரும் முதல் பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு (வழக்கம்போல) கடைசி பெஞ்சு மேல்தான் கண் போனது.

உலகத்திலேயே கெடுபிடி அதிகமான தலைநகரம் எது என்று கேட்டால் பெரும்பாலும் வடகொரியாவின் பியோங்யாங் என்றுதான் பதில் வரும். அங்கே போய் லேப்டாப்பைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும்? ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு நானே மார்க் போட ஆரம்பித்தேன். விளையாட்டாகத்தான். நாலு நாள் அதிலேயே போய்விட்டது, டிபிஎம்எஸ் அசைன்மெண்ட் இன்னும் பாக்கி.

முதல் கட்டம் நெட். இங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். சாதாரண வடகொரியருக்கு இணையம் கிடையாது. அவர்களுக்கு இருப்பது குவாங்மியோங் என்ற உள்நாட்டு வலை. நாட்டுக்குள்ளேயே சுற்றுகிற ஒரு பெரிய லேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக இணையத்தோடு தொடுகிற பக்கத்தில் அந்த நாடு வைத்திருக்கும் சொந்த ஐபி முகவரிகள் மொத்தம் 1024. ஒரு நாட்டுக்கே 1024! (நாட் போட்டு அதற்குப் பின்னால் எத்தனை மெஷினை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாமே என்று நெட்வொர்க்ஸ் பேப்பரை ஒழுங்காகப் படித்தவர்கள் சொல்வீர்கள். சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.) வெளியே போகும் பாதை ரொம்ப வருஷம் சைனா யூனிகாம் வழியாக மட்டும்தான் இருந்தது. 2017 அக்டோபரில் ரஷ்யாவின் ட்ரான்ஸ்டெலிகாம் வழியாக இன்னொன்று சேர்ந்தது. 2016ல் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர் ஒன்று தவறிப்போய்த் தன்னிடம் இருந்த பட்டியலை வெளியே கொட்டிவிட்டது. அதில் இருந்த வடகொரிய இணையதளங்கள் மொத்தம் 28.

வெளிநாட்டுக்காரர்களுக்கு வேறு கதை. எகிப்தின் ஓராஸ்காம் கம்பெனி கூட்டுச் சேர்ந்து 2008 டிசம்பரில் கொரியோலிங்க் என்று மொபைல் சேவை ஆரம்பித்தது. 2013ல் வெளிநாட்டவர்களுக்கு அதில் 3ஜி நெட்டும் கொடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரர் சிம்மிலிருந்து உள்ளூர்க்காரர் சிம்முக்குப் பேச முடியாது. ஒரே டவர், நடுவில் சுவர். 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக், யூட்யூப், ட்விட்டர் எல்லாம் தடை என்று வெளிப்படையாகவே அறிவிப்பு ஒட்டினார்கள்.

இதைவிட என்னை உட்கார வைத்த விஷயம் அவர்களுடைய ஆப்பரேட்டிங் சிஸ்டம். பெயர் ரெட் ஸ்டார். லினக்ஸ்தான், மூன்றாம் பதிப்பு பார்க்க அச்சு அசல் மேக் மாதிரி இருக்கும். அதை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவர் 2015 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த மாநாட்டில் ஒன்று சொன்னார்கள். பென்டிரைவைச் செருகினால், அதில் இருக்கும் படம், டாக்குமெண்ட் எல்லாவற்றிலும் அந்த மெஷினின் அடையாளத்தை அது ரகசியமாகக் குறித்து வைக்கிறதாம். நீங்கள் அந்தக் கோப்பைத் திறக்கக்கூட வேண்டாம், செருகினாலே போதும். கோப்பு யார் யார் கை மாறிப் போனது என்று பின்னால் சங்கிலி பிடித்துக்கொண்டே போகலாம். நம் ஹாஸ்டலில் ஒரு பென்டிரைவ் ஒரு ராத்திரியில் எத்தனை ரூம் சுற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

போன் இன்னும் மோசம். கடத்தி வெளியே கொண்டுவரப்பட்ட ஒரு வடகொரிய போனை 2025ல் பிபிசி திறந்து காட்டியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது தானாக ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறது, போன் வைத்திருப்பவரால் அதைப் பார்க்க முடியாது. 'தென்கொரியா' என்று அடித்தால் 'பொம்மை அரசு' என்று மாற்றிக்கொள்கிறது. நெட் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். மைனஸ் மார்க் இருந்திருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

மற்ற கட்டங்களை அவ்வளவு அலச வேண்டியதில்லை. வாடகை? டூரிஸ்டாகப் போகிறவர் வீடு பிடித்து உட்கார முடியாது, சொன்ன ஓட்டலில்தான் இருக்க வேண்டும். அதில் பிரபலமானது யங்காக்டோ, 47 மாடி, தேதோங் ஆற்றின் நடுவில் ஒரு தீவில். வழிகாட்டி இல்லாமல் பாலத்தைத் தாண்டக் கூடாது. (105 மாடி ரியுக்யோங் ஓட்டலின் கதை தனி. 1987ல் கட்ட ஆரம்பித்தார்கள், இன்றுவரை ஒரு விருந்தாளியும் தங்கியதில்லை.) ஏடிஎம்மில் நம் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கிற கதை எல்லாம் கிடையாது, கையில் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். நேர மண்டலம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில்கூட வம்பு. 2015 ஆகஸ்டில் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளித் தங்களுக்கென்று தனி நேரம் வைத்துக்கொண்டார்கள், 2018 மேயில் திரும்ப முன்னால் தள்ளிவிட்டார்கள். மீட்டிங் காலண்டர் வைத்திருப்பவன் கதி?

நல்லதும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. பியோங்யாங் குளிர்ந்த நூடுல்ஸ் தென்கொரியாவிலும் கொண்டாடப்படுகிற சமாச்சாரம். அவர்களுடைய தேதோங்காங் பீர் ஆலை, இங்கிலாந்தில் மூடிப்போன ஒரு பழைய ஆலையை 2000ல் விலைக்கு வாங்கி, கழற்றிக் கொண்டுவந்து மாட்டியது. மெட்ரோ சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது, ஸ்டேஷனுக்கெல்லாம் ஊர்ப் பெயர் கிடையாது. செந்நட்சத்திரம், மகிமை, மறுமலர்ச்சி என்றுதான் பெயர். 'மறுமலர்ச்சியில் ஏறி மகிமையில் இறங்கு' என்று வழி சொல்வார்கள் போலிருக்கிறது :-)

இவ்வளவு எழுதிய பிறகு, இது வெட்டிக் கற்பனைதானே, யார் அங்கே போய் மாசக்கணக்கில் இருக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. தேடினால் ஒருத்தர் இருந்திருக்கிறார். அதுவும் நம்மைப் போல ஸ்டூடண்ட். அலெக் சிக்லி, ஆஸ்திரேலியாவின் பெர்த்காரர். 2018லிருந்து கிம் இல் சுங் பல்கலைக்கழகத்தில் கொரிய இலக்கியம் முதுகலை படித்தார். மாணவர் விசா என்பதால் டூரிஸ்டுகளுக்கு இல்லாத சலுகை: வழிகாட்டி இல்லாமல் தனியாகத் தெருவில் நடக்கலாம், கடைக்குப் போகலாம். நெட்டும் இருந்தது. சாப்பாடு, துணி, போன் ஆப் என்று அன்றாட விஷயங்களை எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். அரசியல் பக்கமே போகவில்லை. என் நோட்டில் இருந்த கட்டங்களை வைத்துப் பார்த்தால், 2019 மே மாதம் அவர் பியோங்யாங்குக்கு ஓரளவு பாஸ் மார்க்கே போட்டிருப்பார்.

2019 ஜூன் 25ஆம் தேதி அவரைப் பிடித்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அங்கே தூதரகம் இல்லை, ஸ்வீடன் போய்ப் பேசி ஜூலை 4ஆம் தேதி வெளியே கொண்டுவந்தது. உளவு பார்த்தார் என்றது அரசு. அவர் அதை மறுத்தார். அவருக்காவது ஒன்பது நாளில் முடிந்தது. 2016 ஜனவரியில் அதே ஊர் ஏர்போர்ட்டில் பிடிபட்ட அமெரிக்க மாணவர் ஓட்டோ வார்ம்பியர், ஓட்டலில் இருந்த பிரச்சாரப் பலகை ஒன்றை எடுக்கப் பார்த்தார் என்று பதினைந்து வருஷம் கடுங்காவல் விதிக்கப்பட்டவர். 2017 ஜூனில் நினைவில்லாத நிலையில் ஊர் வந்து சேர்ந்தார், சில நாளில் இறந்துபோனார். வயது 22. எனக்கு அடுத்த பிறந்தநாளில் ஆகப்போகிற வயது.

அங்கேதான் நோட்டை மூடி வைத்தேன். நான் போட்ட கட்டங்களில் 'நினைத்தபோது கிளம்ப முடியுமா' என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த இணையதளங்களிலும் பார்த்த ஞாபகம் இல்லை. லிஸ்பன் பிடிக்கவில்லையா, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் போ. அந்தப் பட்டியலே அப்படிப் போகக்கூடியவனுக்காகப் போட்டது. சந்தேகமாக இருந்தால் 2020ஐப் பாருங்கள்: ஜனவரியில் எல்லையை மூடியவர்கள் 2024 பிப்ரவரியில்தான் டூரிஸ்டுகளை உள்ளே விட்டார்கள், அதுவும் ரஷ்யர்களை மட்டும். மேற்கத்தியர்களுக்கு 2025 பிப்ரவரியில் ராசோன் பகுதியைத் திறந்து மூன்றே வாரத்தில் திரும்ப மூடினார்கள். ஏப்ரலில் மாரத்தான் ஓட வந்தவர்களைத் தலைநகருக்குள் விட்டார்கள், ஓடி முடித்ததும் அனுப்பிவிட்டார்கள். நம் இந்தியத் தூதரக ஊழியர்களே 2021 ஜூலையில் கிளம்பி வந்துவிட்டார்கள். திரும்பத் திறப்பதற்கு 2024 டிசம்பரில்தான் ஆள் போனது. ஆபத்து என்றால் நீங்களும் நானும் கூப்பிட, இடையில் மூணு வருஷத்துக்கு மேல் அங்கே நம்மவர் யாருமில்லை.

இப்போது கேளுங்கள், இந்தக் கதையில் நான் எதிர்பார்க்காத இடம். ரிமோட் வேலைக்கு லாயக்கே இல்லை என்று நான் பூஜ்யம் போட்ட அந்த நாடு, ஆயிரக்கணக்கான ரிமோட் வேலைக்காரர்களை வைத்திருக்கிறது!

கம்ப்யூட்டர் படித்த பையன்களைப் பொறுக்கியெடுத்து, பெரும்பாலும் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே குழுவாகத் தங்கி, இன்னொருத்தர் பெயரில், இன்னொருத்தர் அடையாள அட்டையில், அமெரிக்க கம்பெனிகளுக்குக் கோட் எழுதுகிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் வடகொரியர்களை 2019 டிசம்பருக்குள் திருப்பி அனுப்பவேண்டும் என்று ஐநா பாதுகாப்பு சபை 2017ல் தீர்மானம் போட்டும் இது நிற்கவில்லை. சிலர் வருஷத்துக்கு மூணு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்றும், சம்பளத்தில் 90 சதவீதம் வரை அரசு எடுத்துக்கொள்கிறது என்றும் அமெரிக்க அரசு 2022 மேயில் எச்சரித்தது. இதில் வருஷத்துக்கு 25 கோடி முதல் 60 கோடி டாலர் வரை வருகிறது என்பது 2024ல் ஐநா நிபுணர் குழு சொன்ன கணக்கு. அணுகுண்டுக்கும் ஏவுகணைக்கும் போகிற காசு.

அமெரிக்காவிலேயே உட்கார்ந்து வேலை செய்வதுபோலக் காட்ட அங்கே ஒரு வீட்டில் லேப்டாப்புகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். அரிசோனாவில் ஒரு பெண்மணியின் வீட்டில் 2023ல் தொண்ணூறுக்கும் மேல் பிடித்தார்கள், ஒவ்வொன்றின் மேலும் எந்தக் கம்பெனி, யார் பெயர் என்று சீட்டு ஒட்டியிருந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஏமாந்த வழக்கு அது. 2025 ஜூலையில் எட்டரை வருஷம் தண்டனை.

இதைப் படித்ததும்தான் எனக்கு ஒரு பழைய கோபம் புரிந்தது. ஆறு மாசம் முன்னால் ஒரு வெளிநாட்டு ஸ்டார்ட்அப்பில் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. வீடியோவில் அந்த ஆள் முதலில் கேட்டதே, "கையை முகத்துக்கு முன்னால் கொஞ்சம் ஆட்டு." ஆட்டினேன். "கேமராவைத் திருப்பி ஜன்னலைக் காட்டு." காட்டினேன், எதிர் பிளாக்கில் காய்ந்துகொண்டிருந்த லுங்கிகள் தெரிந்தன. "உங்கள் ஊரில் டீ எங்கே நல்லா இருக்கும்?" அதற்கப்புறம்தான் அல்காரிதம். திருடனை விசாரிப்பது மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "வேலை வேணும்னா காட்டித்தான் ஆகணும்டா" என்றார். அவருக்கு இரண்டு வருஷமாக உடம்பு சரியில்லை, நான் வீட்டோடு இருந்து சம்பாதிக்க ரிமோட் வேலையை விட்டால் வழியில்லை. மொட்டை மாடிச் சண்டையில் நான் எந்த ஊர் பெயரையும் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கேள்விகள் என்னை மாதிரியே ஒருத்தனைப் பிடிப்பதற்காக வைத்தவை. முகத்தை மாற்றிக் காட்டும் சாஃப்ட்வேர் கையை ஆட்டினால் குழம்பும். இன்னொன்றும் கேட்கிறார்களாம்: உங்கள் தலைவர் கிம் எவ்வளவு குண்டு என்று கேட்டால் கால் உடனே கட் ஆகிவிடுமாம். பாதுகாப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் 2025ல் ஒரு மாநாட்டில் இதைச் சொல்ல, எல்லா இடத்திலும் ஜோக்காகச் சுற்றியது. நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பதில் சொன்னால் அவனுக்கு என்ன ஆகும், ஊரில் இருக்கிற அவன் அப்பாவுக்கு என்ன ஆகும்?

அந்த வேலையிலிருந்து தப்பி வந்த ஒருவர் 2025ல் பிபிசியிடம் பேசியிருக்கிறார். சம்பாதித்ததில் 85 சதவீதம் மேலே போய்விடுமாம். அது கொள்ளை என்று தெரிந்தும், ஊரில் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்றே இருந்தார்களாம். அவர்களுக்கு நல்ல நெட் கிடைத்தது, வெளி உலகச் செய்தி படிக்க முடிந்தது. என் நோட்டை அவரிடம் கொடுத்திருந்தால் அந்தச் சீன அறைக்கு எத்தனை மார்க் போட்டிருப்பாரோ.

அவன் எனக்குப் போட்டியா, இல்லை என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டவனா? அவனால்தான் என்னை ஜன்னலைக் காட்டச் சொல்கிறார்கள் என்ற எரிச்சலும் போகவில்லை, அவன்மேல் கோபமும் வரமாட்டேன் என்கிறது. ரூம்மேட்டிடம் சொன்னேன். "மொத்தம் எவ்வளவுடா வந்துச்சு பியோங்யாங்குக்கு?" என்றான். கூட்டவில்லை என்றேன்.

கையை ஆட்டச் சொன்ன கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அடுத்த இன்டர்வியூ வியாழக்கிழமை. ஜன்னல் பக்கம் லுங்கி காயப்போட வேண்டாம் என்று எதிர் பிளாக்கில் சொல்லி வைத்திருக்கிறேன்.