புள்ளியில் தொடங்கும் மொழி

யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையையோ அதன் வழிவந்தவற்றையோ கொண்டியங்கும் கணிப்பொறியில் 'மேன்' என்னும் சொல்லைத் தட்டி, அதனை அடுத்து ஒரு கட்டளையின் பெயரையும் தட்டினால், அக்கட்டளை யாது செய்யும், எவ்வாறு ஏவப்படும், எவ்விடத்தே தவறும் என்பவற்றையெல்லாம் உரைக்கும் பக்கமொன்று திரையில் தோன்றும். கையேடு என்று பொருள்படும் 'மேனுவல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்தே இந்த 'மேன்' என்பது. இப்பக்கங்களை நாள்தோறும் படிப்போர் பலர். இவை எம்மொழியால் எழுதப்படுகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே.

தமிழ் பயிலும் எமக்கு இக்கேள்வி எழுந்ததற்குக் காரணம் உண்டு. கணிப்பொறியியல் பயிலும் எம் விடுதித் தோழர் ஒருவர், தமிழ் நூலொன்றைக் கொடுத்தால் அதன்கண் உள்ள சொற்களை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்துணை முறை வந்துள்ளது என்றும், எத்துணை எழுத்துக்களை உடையது என்றும் எண்ணிக் கூறும் சிறு நிரலொன்றை இயற்றினார். கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் அதனைப் பிறரும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்குரிய கையேட்டுப் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு எம்மை வேண்டினார். "நிரல் எழுதுவது எமது தொழில், உரை எழுதுவது உமது தொழிலன்றோ?" என்றார். மறுத்தற்கு வழியில்லை. அவ்வுரையை எழுதும் பொருட்டே 'மேன்' மொழியைக் கற்றோம். ஏறத்தாழ இரண்டு நாட்களில் கற்கத்தக்க மொழி அது.

இதன் மூதாதை, 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்ஸர் என்பார் இயற்றிய 'ரன்ஆஃப்' என்னும் நிரலாகும். அதனைக் கையாண்டோர் தம் உரையின் இடையிடையே, வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியை இட்டு, அதன்பின் ஓர் ஏவற்சொல்லை எழுதுவர். அவ்வரி அச்சில் வாராது. 'இங்கே இடம் விடுக', 'இதனை நடுவில் அமைக்க' என்று பொறிக்கு இடும் ஏவலாகவே அது நிற்கும். புள்ளி இல்லா வரிகளெல்லாம் உரையாக அச்சேறும். உரையும் ஏவலும் ஒரே ஏட்டில் விரவிக் கிடந்தும் ஒன்றோடொன்று மயங்காதிருத்தற்கு அப்புள்ளி ஒன்றே வேலியாயிற்று.

ரன்ஆஃபைத் தழுவியெழுந்த 'ராஃப்', நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தை அடைந்தது. அங்குக் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கட்குப் புதிய பொறி வாங்கப் பொருள் கிடைத்தது, இயக்கமுறைமை ஒன்றை ஆக்குவோம் என்று சொன்னதால் அன்று. ஆவணங்களைச் செப்பமாக வடிவமைத்துத் தரும் ஏற்பாட்டைச் செய்வோம் என்று உறுதி கூறியே அதனைப் பெற்றனர். 1971ஆம் ஆண்டின் பிற்பாதியில், அக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சார்ந்த தட்டச்சர் மூவர் பகல் முழுதும் அப்பொறியில் விண்ணப்பங்களைத் தட்டியும் திருத்தியும் வந்தனர் என்று ரிட்சி பின்னாளில் எழுதியுள்ளார். அப்பொறியின் நினைவகம் 24 ஆயிரம் பைட்டு. வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட்டு. இன்று எம் போன்றார் கைபேசியால் எடுக்கும் நிழற்படம் ஒன்றேனும் அவ்வட்டில் அடங்குமோ என்பது ஐயமே. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாளிட்ட யூனிக்ஸின் முதற் கையேடும் இச்சூழலிலேதான் பிறந்தது.

பின்னர் ஜோசப் ஒஸ்ஸானா என்பார், ஒளியால் எழுத்தைப் படியச்செய்யும் அச்சுக்கோப்புப் பொறியொன்றுக்காக 'டிராஃப்' என்னும் நிரலை எழுதினார். அப்பொறியில் ஒரே காலத்தில் நான்கு எழுத்துருக்களே இடங்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 102 வடிவங்கள். டிராஃபில் ஏவலின் பெயர் இரண்டெழுத்துக்கு மேற்படலாகாது. நினைவகம் அத்துணைச் சிறிது! 1977இல் ஒஸ்ஸானா காலமாகவே, அவர் விட்டுச்சென்றதைப் பிறவகைப் பொறிகட்கும் இசையுமாறு பிரையன் கெர்னிகன் மாற்றியமைத்தார்.

டிராஃபின் ஏவல்கள் மிக நுண்ணியவை. எழுத்தின் அளவு, வரிகளின் இடைவெளி, ஓரத்தின் அகலம் ஆகிய யாவற்றையும் தனித்தனியே சொல்லவேண்டும். கையேட்டுப் பக்கம் எழுதும் ஒவ்வொருவரும் இவற்றைத் தாமே கூறப்புகின் பக்கத்துக்குப் பக்கம் தோற்றம் வேறுபடும். ஆதலின், அடிக்கடி வேண்டப்படும் ஏவற்கூட்டங்கட்குச் சிறு பெயரிட்டு ஒரு தொகுதியாக்கினர். 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்புக்காக டக்ளஸ் மக்கில்ராய் வகுத்த அத்தொகுதியே 'மேன்' மொழி. பக்கத்தின் தலைப்புக்கு ஓர் ஈரெழுத்து, பிரிவின் தலைப்புக்கு ஓர் ஈரெழுத்து, பத்திக்கு ஓர் ஈரெழுத்து; தடித்த எழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் ஒவ்வோர் எழுத்து. இவற்றோடு இன்னுஞ் சிலவற்றை அறிந்தால் மொழி முடிந்தது. பெயர், ஏவும் முறை, விளக்கம், கோப்புகள், காண்க, பிழைகள் என்னும் பிரிவுகள் அதனினும் பழையவை. 1971ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே உள்ளவை.

புள்ளியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யூனிக்ஸில் மறைவாக வைக்கப்படும் கோப்புகளின் பெயர் புள்ளியிலேயே தொடங்கும். எழுதுவோர் அத்தகைய பெயரொன்றை வரியின் முதலில் வைத்துவிட்டால், பொறி அதனை ஏவல் என்று கொள்ளும். அவ்வாறான ஏவல் தன்னிடத்து இல்லையென்று கண்டு, பேசாது அடுத்த வரிக்குச் சென்றுவிடும். அச்சிலோ திரையிலோ அவ்வரி இராது. முறையீடும் இராது. இதனைத் தடுக்க, இடங்கொள்ளாததும் கண்ணுக்குப் புலப்படாததுமான குறியொன்றைப் புள்ளிக்கு முன்னே இடுதல் வழக்கம். வேலியாக நின்ற புள்ளியே பயிரை மேயும் இடம் இது.

இனி எம் பக்கத்துக்கு வருவோம். எழுதி முடித்துத் திரையில் கண்டபோது அது ஏனைய பக்கங்களைப் போன்றே அழகுற அமைந்திருந்தது. தோழரும் மகிழ்ந்தார். ஆயின், மூலத்தை மீண்டும் படிக்கையில் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. பயன்படுத்துவோர் தாம் இடவேண்டிய நூலின் பெயர் நிற்கும் இடத்தைச் சாய்வெழுத்தில் அமைத்திருந்தோம். நிரல் தன் பட்டியலை எழுதிவைக்கும் கோப்பின் பெயரும் சாய்வெழுத்தே. வலியுறுத்தற்பொருட்டு ஓரிடத்து எழுதிய சொல்லும் சாய்வெழுத்தே. மூன்றும் மரபுக்கு மாறானவை அல்ல. மேன் மொழியில் அவ்வாறே எழுதுவர். படிப்பவர் சூழல் நோக்கி மூன்றையும் வேறுபடுத்தி உணர்வார். பொறிக்கோ மூன்றும் ஒன்றே. ஏடெழுதுவோன் ஒருவன் பாட்டையும் உரையையும் மேற்கோளையும் ஒரே மையால் ஒரே கோவையாக எழுதிச் சென்றால், பதிப்பிப்பவர் படும் துன்பம் யாதென்று தமிழ் மாணவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

மேன் மொழி, ஒரு சொல் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைச் சொல்லும். அச்சொல் யாது என்பதைச் சொல்லாது. இக்குறையை உணர்ந்தே, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸ் கிளைக்காகச் சிந்தியா லிவிங்ஸ்டன் என்னும் அம்மையார் 'எம்டாக்' என்னும் வேறொரு தொகுதியை வகுத்தார். ஈண்டும் புள்ளியுண்டு, ஈரெழுத்தும் உண்டு. ஆனால் 'என்-எம்' என்றால் இது நிரலின் பெயர். 'எஃப்-எல்' என்றால் இது தெரிவுக்குறி. 'ஏ-ஆர்' என்றால் இது பயன்படுத்துவோர் இடவேண்டிய பொருள். எதனைத் தடித்தும் எதனைச் சாய்த்தும் காட்டுவது என்பதைப் பொறியே முடிவு செய்துகொள்ளும். 2008இல் கிறிஸ்டாப்ஸ் ட்ஜோன்சன்ஸ் என்பார் தொடங்கிய 'மேன்டாக்' என்னும் நிரல் இவ்விரு மொழிகளையும் டிராஃபின் துணையின்றியே படிக்கவல்லது. எம்டாக்கால் எழுதப்பட்ட பக்கங்களிடையே, 'இன்ன தெரிவுக்குறியைப் பற்றிப் பேசும் பக்கங்கள் எவை?' என்று வினவினாலும் அது விடை தரும். மேன் மொழியில் எழுதிய பக்கங்கள் அவ்வினாவுக்கு வாய் திறவா. வெறுந் தடித்த எழுத்திலிருந்து பொருளை யார் மீட்டெடுப்பார்?

இந்த மேன்டாக்கின் விளக்கவுரையில் மேன் மொழியைப் பற்றி 'லெகசி' என்னும் அடைமொழி வழங்குகின்றது. புதிய கையேடுகளை அதனால் எழுதவேண்டா என்றும் அறிவுறுத்தப்படுகின்றது. லெகசி எனின் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் என்றே அகராதி கூறும். கணிப்பொறியாளர் வாயிலோ அச்சொல், கழிக்கவும் இயலாது புதுக்கவும் மனமில்லாது கிடக்கும் பழம்பொருளைக் குறிக்கின்றது. எமக்கு இவ்வழக்கு உவப்பாயில்லை. லினக்ஸ் கையேட்டுத் திட்டத்தார் இன்றும் மேன் மொழியிலேயே எழுதிவருகின்றனர். வேறு எளிய மொழிகளில் எழுதப்படும் கையேடுகளும் ஈற்றில் மேன் மொழியாக்கப்பட்டே திரையை அடைதல் பெருவழக்கு. 1979இல் எழுதிய பக்கமொன்றை இன்றைய பொறியில் இட்டால் பெரும்பாலும் படிக்கத்தக்க வடிவிலேயே தோன்றும். அதன்பின் தோன்றிய எத்தனையோ எழுத்துச் செயலிகளின் கோப்புகளைத் திறக்கவும் வழியின்றி நிற்கின்றோம்.

எனினும், பழமைக்காக அதன் குறையை மறைத்தலும் ஆகாது. சிறுகோடு ஒன்று படுத்தும் பாட்டைப் பாருங்கள். தெரிவுக்குறியின் முன் இடப்படும் சிறுகோட்டுக்கும், சொற்களை இணைக்கும் சிறுகோட்டுக்கும் கண்ணுக்கு வேற்றுமை மிகச் சிறிது; பொறிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்து. மேன் மொழியில் முன்னதன் முன்னே பின்சாய்கோடு ஒன்று இடவேண்டும். பலர் இடுவதில்லை. 2023இல் வெளிவந்த ஜி-ராஃப் 1.23 பதிப்பு இவ்வேற்றுமையைக் கண்டிப்பாகக் காட்டத் தொடங்கவே, பின்சாய்கோடு இல்லாத பக்கத்திலிருந்து கட்டளையைப் படியெடுத்து ஒட்டினால் அது செல்லாததாயிற்று. டெபியன் போன்றோர் இரண்டையும் பழையபடி ஒன்றாகவே காட்டுமாறு தம்மளவில் அமைத்துக்கொண்டனர். எம்டாக்கில் எழுதுவோர்க்குத் தெரிவுக்குறிகளைப் பொறுத்தவரை இத்தொல்லை இல்லை. 'இது தெரிவுக்குறி' என்றமாத்திரத்தில் உரிய கோட்டைப் பொறியே இட்டுக்கொள்ளும்.

ஆதலின் எம் பக்கத்தை எம்டாக்கில் மீண்டும் எழுதினோம். ஒரு மாலைப்பொழுது பிடித்தது. ஒவ்வொரு சாய்வெழுத்தின்முன்னும் நின்று 'நீ யார்?' என்று கேட்கவேண்டியிருந்தது. விடை கூற இயலாத இடங்களில் தோழரை அழைத்தோம். ஈரிடங்களில் அவருக்கே விடை தெரியவில்லை. பிழைகள் என்னும் பிரிவை அடைந்தபோதுதான் எங்களிடையே மெய்யான பூசல் மூண்டது.

தோழரின் நிரல், கணிப்பொறி சேமித்துவைத்திருக்கும் குறியெண்களை எண்ணுகின்றதேயன்றி எழுத்தை எண்ணவில்லை. ஒருங்குறி முறையில் 'கி' என்பது ககரத்துக்கு ஓர் எண், இகரக் குறிக்கு ஓர் எண் ஆக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியெண் உண்டு. ஆகவே 'அம்மா' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை ஐந்தெழுத்து என்கின்றது அந்நிரல். அதனினும் கொடியது ஒன்றுண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஓரெண்ணாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து ஈரெண்ணாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலோ 'கொடை' என்பதை இருவேறு சொல்லாகக் கருதி, ஈரிடத்தே வைத்து எண்ணுகின்றது.

இதனைப் பிழைகள் என்னும் பிரிவில் எழுதவேண்டும் என்றோம். தோழர் ஒப்பவில்லை. "முதற்பக்கத்திலேயே என் நிரலைப் பழிக்கின்றீரே! திருத்தியபின் எழுதலாகாதோ?" என்றார். அவர் வருத்தம் எமக்கு விளங்காமலில்லை. ஆயினும் எம் வகுப்பில் இருவர் இப்பட்டியலைக் கொண்டே சொல்லாட்சி பற்றிய கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தனர். நிரல் தந்த எண்ணை அவர்கள் நம்பி எழுதுவர். அதனை ஆசிரியரும் நம்புவர். தாம்சனும் ரிட்சியும் தம் பொறியின் குறைகளை அதன் முதற் கையேட்டிலேயே வெளிப்பட எழுதியிருக்க, நாம் மறைப்பானேன் என்றோம். நெடுநேரம் பேசினோம். உணவுமணி அடித்தும் எழவில்லை. ஈற்றில் அவர், "எழுதும்; ஆயின் சுருங்க எழுதும்" என்றார்.

இரண்டு வரி எழுதினோம். கட்டுரை எழுதிய இருவரும் அவ்வரிகளைக் கண்டு, தம் எண்களைக் கையால் மீண்டும் எண்ணினர். எம்மீது சிறிது சினமும் கொண்டனர். தோழர் இப்பொழுது எழுத்தெண்ணும் பகுதியைப் புதிதாக எழுதிவருகின்றார். 'கொ' பற்றிய பிழை நீங்கிவிட்டது, அவ்வரியை அழித்தாயிற்று. 'அம்மா' இன்னும் ஐந்தெழுத்தாகவே உள்ளாள்.