மணியும் மோட்டார்ப் பிரயாணமும்

மாற்றல் உத்தரவு என்பது வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. ரயில்வே, தபால், வங்கி, பாதுகாப்புத் தொழிற்சாலை என்று பலவிடங்களில் பணி புரியும் நாம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாமான்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே காலம் கழிக்கிறோம். பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறுகின்றன. குழந்தைகள் ரயிலில் ஏறுகிறார்கள். வீட்டில் ஒரு நாய் இருந்தால் அது எதில் ஏறும் என்ற கேள்விக்கு மட்டும் பல வீடுகளில் விடை இருப்பதில்லை. ஆதலால் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. ரயில்வே காலனிகளில் வசித்தவர்கள் இவ்விதம் நின்றுவிட்ட நாய்களைப் பார்த்தே இருப்பார்கள்.

எங்கள் மணியும் அப்படி எங்களிடம் வந்து சேர்ந்ததுதான். நாக்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வீட்டில் இருந்தவர்கள் வேறு கோட்டத்துக்கு மாறிப் போனார்கள். சாமான் லாரியின் பின்னால் மணி காலனி வாயில் வரைக்கும் ஓடிற்று. பிறகு திரும்பி வந்து, பூட்டிய கதவின் முன்னே மூன்று நாள் படுத்துக் கிடந்தது. நான்காம் நாள் எங்கள் வீட்டார் வைத்த சாதத்தைத் தின்றது. உயர்ந்த ஜாதி நாயன்று. செம்பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். அதன் பிறகு நான்காண்டுகள் அது எங்கள் வாசலை விட்டு அகலவில்லை. ஆனால் யார் வீட்டின் முன்னாவது லாரியோ காரோ வந்து நின்றால், உடல் நடுங்கக் கட்டிலின் அடியில் புகுந்துகொள்ளும்.

சென்ற ஆண்டு சித்திரையில் சேலத்தில் எங்கள் தகப்பனாருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் விடுப்பு எடுத்துக் குடும்பத்துடன் ஊர் செல்ல நேர்ந்தது. மணியை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. காலனியில் யாராவது சோறு வைப்பார்கள் என்றார் நண்பர் ஒருவர். எங்கள் இல்லாள் அதற்கு இணங்கவில்லை. "ஒரு தடவை விட்டுவிட்டுப் போனார்கள். நாமும் பூட்டிவிட்டுப் போனால், இந்தக் கதவுக்கு முன்னாலும் அது படுத்துக் கிடக்காதா? சொல்லுங்கள்" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்கு விதிகள் தெரியும். குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையோ நால்வர் அறையோ முழுவதும் நமக்கென்று கிடைத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் சாதாரணத் தூங்கும் வகுப்பிலும் அனுமதி இல்லை. மற்றவர்கள் பார்சல் ஆபீஸில் பதிவு செய்து, கார்டு வண்டியிலுள்ள நாய்க்கூண்டில் அனுப்ப வேண்டும். முதல் வகுப்புச் செலவு எங்கள் சம்பளத்துக்கு எட்டாதது. கூண்டில் ஏற்றப்படும் நாய்களை அன்றாடம் பார்க்கிறோம். குறைந்த தூரத்துக்கு அது போதுமானதுதான். ஆயினும் ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட ஒரு பிராணியைக் கோடை வெயிலில், தெரிந்த முகம் ஒன்றும் அருகில் இன்றி, ஒரு பகலும் ஓர் இரவும் அடைத்து அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அச்சமயம் நாக்பூரிலேயே வேலையிலிருக்கும் எங்கள் தங்கையின் கணவர், தம் காரில் சேலம் செல்வதாகச் சொன்னார். பெண்டிரும் சிறு பெண்ணும் ரயிலில் செல்வது, மாப்பிள்ளையும் நாங்களும் மூத்த பையனும் மணியுடன் காரில் செல்வது என்று முடிவாயிற்று.

காரைக் கண்டாலே நடுங்கும் நாயைக் காரில் ஏற்றுவது எப்படி? கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் கூறியதாவது: குட்டி நாய்களுக்கு உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவிப் பகுதி முழு வளர்ச்சி அடையாததால் வண்டியில் வாந்தி வருவது அதிகம், வளர வளரப் பலவற்றுக்கு அது குறைந்துவிடும். வளர்ந்த நாய்க்கு வருவதற்குப் பெரும்பாலும் பயமும் ஒரு காரணம். எச்சில் வடிதல், உதட்டை நக்குதல், ஓயாது கொட்டாவி விடுதல், முனகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். வாந்தியைத் தடுக்க நாய்களுக்கென்றே மருந்து உண்டு. மனிதருக்கான மாத்திரையை நாமாகக் கொடுத்தல் ஆகாது. மருந்தைக் காட்டிலும் முதலில் வேண்டுவது பழக்கம் என்று அவர் வற்புறுத்தினார்.

அவர் சொன்னபடியே மூன்று வாரம் பழக்கினோம். முதலில் இன்ஜினை ஓட்டாமல், கதவைத் திறந்து வைத்து, காரின் அருகில் சாதத் தட்டை வைத்தோம். இரண்டு நாள் தட்டு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலியாயிற்று. பிறகு தட்டை வண்டியின் உள்ளே வைத்தோம். அது உள்ளே அமைதியாகப் படுக்கத் தொடங்கிய பின்னரே இன்ஜினை ஓட்டிக் காட்டினோம். அடுத்து, காலனிக்குள் ஒரு சுற்று. அதன் பின் அம்பாஜரி ஏரிப் பக்கம் கொண்டுபோய் ஓடவிட்டு அழைத்து வந்தோம். ஊசி போடும் நாளில் மட்டும் காரில் ஏறும் நாய், கார் என்றால் ஊசி என்றே எண்ணும். சவாரியின் முடிவில் சந்தோஷம் உண்டு என்று அதற்குத் தெரிய வேண்டும். பத்தொன்பதாம் நாள் அழைக்காமலே மணி தானாக ஏறி அமர்ந்தது. எங்கள் பையன் கை தட்டினான்.

அடுத்தது பாதுகாப்பு. நாயை மடியில் வைத்துக்கொண்டு செல்வதும், முன்னிருக்கையில் அமர்த்துவதும் பலருக்கு வழக்கம். இரண்டும் அபாயமானவை. மோதலில் விரியும் காற்றுப்பை நாயின் மீது பலத்த அடியாக விழும்; மடியிலுள்ள நாய் ஓட்டுபவரின் கையைத் தட்டிவிடும். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் வண்டி மோதி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் மீதும் அதன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசை விழுகிறது. கட்டப்படாத 20 கிலோ நாய் 280 கிலோ மூட்டை போல முன்னே பாயும். நாயும் பிழைப்பதரிது, முன்னால் இருப்பவரும் தப்புவதரிது. ஆதலின், மார்பையும் தோளையும் அகலமாகத் தாங்கும் மார்புக் கச்சை ஒன்று வாங்கி, அதனைப் பின்னிருக்கையின் சீட் பெல்ட்டுடன் சிறு வாரினால் பிணைத்தோம். கழுத்துப் பட்டையில் பிணைப்பது கூடாது; திடீரென்று வண்டி நின்றால் கழுத்தை நெரிக்கும். சிறு நாய்க்கு உறுதியான கூண்டைப் பின்பக்கத்தில் அசையாமல் கட்டி வைப்பதும் நன்று. வெயிலில் நாய் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வருவது பார்க்க அழகுதான். ஆனால் தூசியும் பூச்சியும் கண்ணில் அறைந்து காயம் செய்யும்.

நாக்பூரிலிருந்து சேலம் வரை 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே நேர் வழி. ஆதிலாபாத், ஹைதராபாத், கர்நூல், அனந்தப்பூர், பெங்களூர், கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 1,250 கிலோமீட்டர். மே மாதத்தில் நாக்பூரின் உஷ்ணம் 45 பாகை செல்சியஸைத் தொடுவது உண்டு. எனவே ஒவ்வொரு நாளும் காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் தங்குமிடம் சேர்வதென்று திட்டமிட்டோம். ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் தெரிந்த தமிழன்பர் இல்லங்கள் இருந்தன. முந்திய இரவு எட்டு மணிக்கு மணிக்கு அளவான உணவு. காலையில் தண்ணீர் மட்டும். தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் காலை வெயில் இடப்பக்கம் விழுமாதலால் அதனை வலப்பக்கத்தில் அமர்த்தினோம். இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, சிறிது நடத்திக்கொண்டு வந்தோம். கதவைத் திறக்கும் முன் வாரைக் கையில் பிடித்துக்கொள்வது, சாலைப் பக்கமல்லாத இடப்பக்கக் கதவை மட்டும் திறப்பது ஆகிய இரண்டையும் பையன் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டான். கழுத்தில் எங்கள் செல்பேசி எண் பொறித்த தகடு. பையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, தண்ணீர், கிண்ணம், பழைய துண்டுகள் இரண்டு.

ஆதிலாபாத்தைக் கடந்து ஓர் உணவு விடுதியில் நிறுத்தினோம். மணி எட்டரை, வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. "பத்து நிமிஷம்தானே அத்தான், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்" என்றார் மாப்பிள்ளை. பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். ஆனால் 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வெயிலில் நிற்கும் காரின் உள் உஷ்ணம் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 பாகை செல்சியஸ் உயர்வதையும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுவதையும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பயன் மிகக் குறைவு என்பதையும் காட்டியது. நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை பாதங்களில் சிறிதளவே. வாயைத் திறந்து இரைத்தே அது உஷ்ணத்தைப் போக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இரைத்துப் பயனென்ன? நாங்கள் முறை வைத்து உண்டோம். ஒருவர் மணியுடன் வேப்பமர நிழலில் நின்றோம். மாப்பிள்ளையே முதலில் நிற்க முன்வந்தார். பக்கத்து மேசைக்காரர் அன்போடு வெங்காயப் பக்கோடாவை மணிக்கு நீட்டினார். வணக்கம் சொல்லித் தடுத்தோம். வெங்காயமும் திராட்சையும் சாக்கலேட்டும் நாய்க்கு விஷம் போன்றவை.

வெயிலில் நாய் தளர்ந்து, கடுமையாக இரைத்து, தள்ளாடத் தொடங்கினால் நேரம் கடத்தலாகாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரைப் புகட்டுவது கூடாது.

இரண்டாம் நாள் கர்நூலுக்கு அப்பால் ஓர் ஆட்டு மந்தை திடீரென்று சாலையில் இறங்கிற்று. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தினார். இருக்கையிலிருந்த பைகளெல்லாம் முன்னே போய் விழுந்தன. மணி கச்சையில் ஒரு குலுக்குக் குலுங்கி, இருந்த இடத்திலேயே நின்றது. சிறிது நேரம் நடுங்கிற்று. பிறகு எங்கள் தொடைமீது முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. கச்சைக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு நொடியிலே திரும்பி வந்துவிட்டது.

மூன்றாம் நாள் முற்பகல் சேலம் சேர்ந்தோம். படுக்கையிலிருந்த தகப்பனார் கையைக் கீழே தொங்கவிட்டார். மணி அதனை முகர்ந்துவிட்டுக் கட்டிலின் அடியில் படுத்தது. ஆறு வாரமும் அதுவே அதன் இடம். "ராத்திரி தூக்கம் வராதபோது கையைத் தொங்கவிட்டால் தலையைக் கொடுக்கிறது" என்று அப்பா சொல்வார். திரும்பும் நாளில் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தோம். பழைய வழக்கப்படி அது ஒளிந்துகொள்ளும் என்று அஞ்சினோம். மணியோ பெட்டிகளுக்கு முன்னதாக ஓடி, கார்க் கதவின் அருகே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

இந்த நாட்டில் பிராணிகளுக்காகப் பரிந்து பேசியவர்களுள் மதுரையிற் பிறந்த ருக்மிணிதேவி அருண்டேல் முதன்மையானவர். 1952 இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற அவர், அங்கே தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பயனாக 1960 இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962 இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாகனத்தில் பிராணியைத் துன்புறும்படி ஏற்றிச் செல்வதும், பசியாலோ தாகத்தாலோ வாடும்படி அதனைக் கைவிட்டுப் போவதும் அச்சட்டப்படி குற்றங்கள். கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர் என்று அவரை நாம் கொண்டாடுகிறோம்; இதனையும் நினைவில் வைப்பது தகும்.

ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத தெருவில் முதல் இரவைக் கழித்தவர்கள் நாம். எங்கே போகிறோம் என்று தெரியாமல் வண்டியில் அமர்வது எப்படி இருக்கும் என்பதை நம் குழந்தைகளும் அறிவார்கள். நாய்க்கு அதை வாயால் விளக்க வழியில்லை. பழக்கத்தாலும் பக்கத்தில் இருப்பதாலும் மட்டுமே விளக்கலாம்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் நாயுடன் செல்வதாயின், மூன்று வாரத்துக்கு முன்பே அதைக் காரில் பழக்கத் தொடங்குங்கள். ரயிலில் அழைத்துச் செல்ல விரும்புவோரும், மாற்றல் உத்தரவு வந்து நாயை என்ன செய்வதென்று திகைப்போரும் பார்சல் ஆபீஸில் எங்களை வந்து காணலாம். படிவத்தை நிரப்புவதிலிருந்து கச்சையை அளந்து கட்டுவது வரைக்கும் இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறோம்.